டிக்கியில் இருந்த அம்மி

ஒரு நல்ல டிரைவரின் கையிலிருந்து ஸ்டீயரிங்கை நான் வாயாலேயே பிடுங்கினேன். அதன் பிறகு அவர் எட்டு மாதம் மல்லி மூட்டை சுமந்தார். நடந்தது சிரிப்பான விஷயம்தான். யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் என் பங்கைக் கொஞ்சம் குறைத்தே சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை குறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். மிளகாய் வத்தலும் கொத்தமல்லியும் மொத்த வியாபாரம் செய்த ஒரு அண்ணாச்சியின் சரக்குக் கிட்டங்கிக்கு மேலே, மாடி அறையில் குடியிருந்தேன். கீழே வத்தல் மூட்டையை அவிழ்த்தால் மேலே எனக்குத் தும்மல் வரும். இத்தனை தும்மலுக்கு இத்தனை மூட்டை என்று கீழே இறங்கி வந்து சொல்வேன். பாதி நாள் சரியாகவும் இருக்கும். எதற்கெடுத்தாலும் காரணம் கண்டுபிடித்துச் சொல்லும் வியாதி எனக்கு அப்போதே முற்றியிருந்தது.

அண்ணாச்சியிடம் ஒரு கார் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்த கறுப்புக் கார். ஏதோ ஒரு ஜமீன் ஏலத்தில் எடுத்தது. அதில் பின்சீட்டின் இடது ஓரம் அண்ணாச்சியின் இடம். பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் உட்கார்ந்ததும் இல்லை. முதலாளிக்குச் சமமாக, அதுவும் அவருக்கு வலப்பக்கம் போய் எப்படி உட்காருவது? கணக்கப்பிள்ளையோ நானோ கூடப் போனால் முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொள்வோம்.

அண்ணாச்சி பெரிய உடம்புக்காரர். அதையும் யாரும் சொல்ல மாட்டார்கள். "அண்ணாச்சிக்கு நல்ல தேகம்" என்பதுதான் ஊரில் சொல்லக்கூடிய அதிகபட்சம். ஆனால் வருஷத்துக்கு ஒருநாள், அவர் பிறந்த நட்சத்திரத்தன்று, கிட்டங்கியில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசுத் தட்டில் சம்மணம் போட்டு உட்காருவார். எதிர்த் தட்டில் வெல்லம் ஏறும். முள் நடுவில் நின்றதும் அந்த வெல்லத்தைக் காரில் ஏற்றித் திருச்சுழிக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். எத்தனை கிலோ என்பதைக் கணக்கப்பிள்ளை கிட்டங்கிச் சுவரில் மஞ்சளைக் குழைத்து எழுதி வைப்பார். அதை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை.

டிரைவர் மல்லாங்கிணறு பக்கத்துக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். சட்டைப் பையிலுள்ள சாவியையும் சேர்த்து நிறுத்தாலும் ஐம்பத்து நாலு கிலோவுக்கு மேல் வர மாட்டார். காரில் ஏறி உட்கார்ந்ததும் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். "இந்த வளையத்தப் புடிச்சிருக்கிற வரைக்குந்தான் சார் என்னைய டிரைவரேம்பாக. கீழ எறங்கிட்டா, ஏய், இங்க வாம்பாக" என்றார்.

என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது. காரின் கோளாறுகளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லும் ஆங்கிலப் புத்தகம். பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்தது. முக்கால்வாசிப் பக்கங்கள் எனக்கு முன்பே சுண்டல் மடிக்கப் போய்விட்டிருந்தன. பெட்ரோல் சிக்கனம் பற்றி ஒரு பக்கமும் ஸ்டீயரிங் பற்றி ஒரு முழு அத்தியாயமும் மிச்சம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதை நானும் குறையாக நினைக்கவில்லை, அண்ணாச்சியும் நினைக்கவில்லை.

டிரைவர் அக்கா வீட்டுக் காதுகுத்துக்கு ஊருக்குப் போயிருந்த நாளில் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "வாத்தியாரே, வண்டி பெட்ரோலாக் குடிக்குது. ஒங்க புஸ்தகத்துல ஏதாச்சும் வழி இருக்கான்னு பாருங்க."

இருந்தது. வண்டியில் தேவையில்லாத பாரம் எதையும் வைக்காதே என்று அந்த ஒற்றைப் பக்கம் சொன்னது. டிக்கியைத் திறந்தேன். வலது மூலையில் ஒரு அம்மிக்கல் படுத்திருந்தது. அதற்கு மேலே ஒரு குழவி. பக்கத்தில் ஒரு கருங்கல், உடைந்த உரலில் ஒரு துண்டு. எல்லாம் சணல் கயிற்றால் கட்டி, பெயராமல் வைக்கப்பட்டிருந்தன. டிக்கி மூடியின் உட்புறத்தில் சாக்குக்கட்டியால் எழுதியிருந்தது: 88 அம்மி. 93 குழவி. 97 கருங்கல். 102 உரல் துண்டு.

நான் உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டேன். டிரைவர் சமையல் கல் திருடுகிறார். எண்கள், எந்தெந்த வீட்டில் எடுத்தது என்பதற்கான கதவு நம்பர்கள். ஏழை மனுஷன், போகட்டும் என்று பெருந்தன்மையாக யாரிடமும் சொல்லாமல், கற்களைப் புரட்டிக் கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற இடத்தில் போட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அண்ணாச்சியிடம், "வேண்டாத பாரத்தை இறக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

டிரைவர் திரும்பி வந்த அன்றைக்கே அண்ணாச்சி காரியாபட்டி போனார். போய்வந்ததும் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"என்ன வாத்தியாரே, வண்டி இடது பக்கமா இழுக்குது? ரோட்டுல போற வண்டி கருவேலங்காட்டுக்குள்ள போகணுங்குது!"

டிரைவர் அதற்குள் டிக்கியைத் திறந்து பார்த்து மூடியிருந்தார். மாடிப்படியில் என்னைத் தனியாகப் பிடித்தார்.

"சார், டிக்கில கொஞ்சம் சாமான் வச்சிருந்தேன்."

"தெரியும். எடுத்துட்டேன். யார்ட்டயும் சொல்லல, பயப்படாதீங்க."

"பயமெல்லாம் இல்ல சார். அது வண்டிக்கு வேணும்."

"அம்மியா? வண்டிக்கா?"

அவர் கீழே கிட்டங்கியைப் பார்த்தார். கல்லாவில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். டிரைவர், "எப்படி சார் சொல்றது, வெளிய சொல்ற சங்கதி இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். திருடன் திணறுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு வாரம் என் ராஜ்யம். கல் திரும்ப ஏறிவிடக் கூடாதென்று டிக்கிச் சாவியையும் என் பையிலேயே வைத்துக்கொண்டேன். புத்தகம் சொன்ன வரிசைப்படி போனேன். முதலில் டயரில் காற்று. சைக்கிள் கடைக்காரர் அடித்து அடித்துக் கை ஓய்ந்து, "இனி அடிச்சா நான்தான் வெடிப்பேன்" என்றார். அடுத்து, சக்கரம் திரும்பாமல் ஸ்டீயரிங் மட்டும் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து கரும்பலகைக்கான பெரிய மரக் கோணமானியைக் கொண்டுவந்து ஸ்டீயரிங்கில் கட்டி அளந்தேன். அந்த வயது வண்டிக்கு அது சாதாரண ஆட்டம்தான். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். தேய்மானம் ஒன்றும் தட்டுப்படவில்லை.

அடுத்து சாலை. நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். இடது ஓரமாகப் போகிற வண்டி இடதுபுறம் இறங்கப் பார்ப்பது இயற்கை. அப்படியா என்று தெரிய வேண்டுமானால் வலது ஓரமாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றது புத்தகம். திருச்சுழி சாலையில், நடு மத்தியானத்தில், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு டிரைவரை வலது ஓரமாக ஓட்டச் சொன்னேன். எதிரே பஸ் வந்தது. பஸ்ஸை நிறுத்திக் கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏலே, இது எந்த ஊருப் பழக்கம்?"

"பரிசோதனை!" என்றேன்.

"ஒங்க பரிசோதனையில நாங்க போய்ச் சேந்துருவோம்வே! ஓரம் போங்க!"

இதில் ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். அன்று இரண்டு ஓரத்திலும் கார் நூல் பிடித்தாற்போல நேராகத்தான் போனது. நான் பார்த்த பரிசோதனை ஒவ்வொன்றிலும் நேராகத்தான் போனது. சாயங்காலம் அண்ணாச்சி ஏறினால் மட்டும் இடது பக்கம் இழுத்தது. அண்ணாச்சியை ஏற்றாமல் நான் எல்லாவற்றையும் சோதித்தேன். அவர் ஒரு பாரம் என்று புத்தகத்தில் போட்டிருக்கவில்லை.

கடைசிப் பரிசோதனைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. நெசவாளர் தெருவில் காலை வேளையில் பாவு நீட்டியிருப்பார்கள். கஞ்சி போட்ட நூலைத் தெரு நீளத்துக்கு விறைப்பாக இழுத்துக் கட்டி உலர்த்துவார்கள். அருப்புக்கோட்டையில் அதைவிட நேரான கோடு வேறு கிடையாது. அதை ஒட்டிக் காரை ஓட்டினால் எத்தனை அங்குலம் விலகுகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். இந்த யோசனை தோன்றியபோது நான் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

"வேண்டாம் சார், பாவம், நூலு" என்றார் டிரைவர்.

"ஒரு முழம் தள்ளி ஓட்டுங்க, போதும்."

பாவு இடப்பக்கம் இருக்க, டிரைவரும் நானுமாக முதல் தடவை போனோம். தெருக் கடைசி வரை ஒரே முழ இடைவெளி. நெசவாளர்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். தங்களுக்குள் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் எனக்காகத் தமிழில், "நூலும் நேரு, வண்டியும் நேரு. நீங்க எதுக்கு அலையுறீக?" என்றார்.

தெரு முனையில் நின்றிருந்த அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சரியாயிருச்சா? அப்ப நானும் ஏறிக்கிறேன்" என்று ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தார். கார் ஒரு பெருமூச்சு விட்டது. டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் "ம்" என்றேன்.

பாதித் தெருவில் முழம் சாணாயிற்று. சாண் விரலாயிற்று. டிரைவர் இரண்டு கையாலும் வலப்பக்கம் வளைத்துக்கொண்டே பிரேக்கை மிதித்தார். பழைய வண்டி, உடனே நிற்கவில்லை. கஞ்சி நூல் முழுவதையும் மார்பில் வாங்கிக்கொண்டு, மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி நின்றது.

ஒரு அம்மாள் நூலுக்குக் கஞ்சி தடவும் குஞ்சத்தோடு ஓடிவந்தாள். "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? பத்து நாள் பொழப்புய்யா! ரோடு பத்தாம எங்க பாவு மேல வாரீகளே!"

அண்ணாச்சி அவர்களுக்கு வேண்டியதைச் செய்வதாகச் சொல்லிவிட்டு, தெருவே பார்க்க என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க வாத்தியாரே. என்ன கோளாறு?"

"வண்டியில கோளாறு இல்ல அண்ணாச்சி. மொதல்ல நேராத்தான போச்சு. நீங்க ஏறுனதும்..."

அங்கே நின்றேன். அந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டிருந்தால்கூடப் போதும், உண்மை தானாக வெளியே வந்திருக்கும். ஆனால் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். என்னைச் சுற்றி நின்ற இருபது பேரைப் பார்த்தேன். வாய் தானாக முடித்தது: "நீங்க ஏறுனதும் இவருக்குப் பதட்டம் வந்துருது. வலது கை நரம்பு தளந்து போச்சு. இடது கைதான் வேலை செய்யுது. அதான் இழுக்குது."

டிரைவர் தன் வலது கையைத் தூக்கி, வேறு யாருடையதோ போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

அண்ணாச்சி இரக்கமில்லாதவர் அல்ல. ஆளை அனுப்பிவிடவில்லை. "கை தெம்பாகட்டும்ப்பா. அது வரைக்கும் கிட்டங்கியில இரு" என்று மூட்டை வேலைக்குப் போட்டார். மதுரையிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட புது டிரைவர் வந்தான். அவன் ஓட்டியும் வண்டி இடதுபுறம் இழுத்தது. வலப்பக்கம் வளைத்துப் பிடிக்கிற சிரமத்தில் அவன் கன்னத்தை உப்பிக்கொண்டு ஓட்டினான்.

அவன் வந்து நாலாம் நாள். கிட்டங்கியில் யாரோ மூட்டைகளை நகர்த்தியதில் சுவர் தெரிந்தது. மஞ்சள் எழுத்துகள். 88. 93. 97. 102.

கதவு நம்பர்கள்!

அப்படியே ஒரு மல்லி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சியின் எடையிலிருந்து தன் ஐம்பத்து நாலைக் கழித்து, மிச்சத்துக்குக் கல் வைத்திருக்கிறார் டிரைவர். முதலாளி பெருக்கப் பெருக்க, ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு கல். எண்பத்தெட்டுக்கு அம்மி. ஐந்து கூடியதும் குழவி. யாருக்கும் தெரியாமல், யார் மனமும் கோணாமல், நாலு வருஷமாக ஒரு முழுத் தராசை டிக்கியில் வைத்து ஓட்டியிருக்கிறார். அண்ணாச்சி பருமன் என்று வாய் திறந்து சொல்லாமல் அதை எனக்கு விளக்க அவருக்கு வழியே இல்லை.

என்ன செய்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் செய்தது இது: மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் இல்லாத நேரத்தில், கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து பழைய இடத்திலேயே கட்டி வைத்தேன். குற்றத்துக்குப் பரிகாரம் ஆயிற்று என்று கையைத் தட்டிக்கொண்டேன்.

கார் நேராக ஓடியது. அண்ணாச்சி திங்கட்கிழமை என் முதுகில் தட்டினார்.

"பாத்தீகளா? ஆளு மாறுனதும் வண்டி மாறிருச்சு! பழைய ஆளு பழக்கம் நாலு நாளு வண்டியில ஒட்டியிருந்துச்சு, இப்ப விட்டுருச்சு. ஒங்க படிப்புன்னா படிப்புதான்!"

டிரைவர் அப்போது பக்கத்தில்தான் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். கற்களைத் திருப்பி வைத்ததில் அவர் குற்றத்தை நானே ருசுவாக்கிவிட்டேன்.

அடுத்த எட்டு மாதத்தில் அண்ணாச்சியிடம் சொல்லிவிட மூன்று தடவை போனேன். ஒரு தடவை காப்பி கொடுத்தார். ஒரு தடவை வீரசோழனிலிருந்து வந்த பாயிடம், "இவுகதான் காருக்கு நாடி பாக்குற வாத்தியாரு" என்று அறிமுகம் செய்தார். மூன்றாம் தடவை படியிலேயே திரும்பிவிட்டேன். சொல்வதென்றால் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். நீங்கள் பருமன். நான் முட்டாள். நான் பொய் சொன்னேன். முதலாவதைச் சொல்லத்தான் கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை, இரண்டாவதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. டிரைவர் என்னைக் காணும்போதெல்லாம் மூட்டையோடு ஒதுங்கி, "போங்க சார்" என்று வழிவிடுவார்.

மறுபடி அண்ணாச்சியின் நட்சத்திரம் வந்தது. தட்டில் உட்கார்ந்தார். வெல்லம் ஏறியது. கணக்கப்பிள்ளை சுவரில் எழுதுவதை அண்ணாச்சியே எட்டிப் பார்த்தார். "நூத்தியெட்டு! சாமி கணக்குல்ல வந்துருக்கு!"

பழைய நாளில் வெல்ல மூட்டைகளைப் பின்சீட்டின் வலது பக்கம் வைத்துவிட்டு, அன்றைக்கு மட்டும் கற்களை இறக்கி வைத்துவிடுவார் டிரைவர். முன்சீட்டில் டிரைவருக்குக் கணக்கப்பிள்ளை ஈடு; அண்ணாச்சிக்கு அண்ணாச்சி எடை வெல்லமே பக்கத்தில் உட்கார்ந்து வரும். சாமிக்குப் போகிற சாமான் என்பதால் அந்த ஒருநாள் சமமாக உட்காரலாம். புதியவனுக்கு இது தெரியாது. டிக்கியைத் திறந்தான். வலப்பக்கம் கல் இருந்தது. இடப்பக்கம் காலியாக இருந்தது. நூற்றெட்டுக் கிலோ வெல்லத்தையும் அங்கே அடுக்கினான். முன்சீட்டின் இடது பக்கம் நான் ஏறினேன். அண்ணாச்சி தன் இடத்தில் ஏறினார். இதைத் தடுத்திருக்கக்கூடிய ஒரே மனிதர் மற்ற ஆட்களோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தார். நான் புறப்படும் அவசரத்தில் எதையும் கவனிக்கவில்லை.

திருச்சுழிக்குப் பாதி வழியில், கண்மாய்க் கரை மேல் சாலை ஏறும் இடத்தில், கார் ஒரு முடிவுக்கு வந்தது. புதியவன் "மொதலாளி, மொதலாளி" என்று கத்திக்கொண்டே வலப்பக்கம் வளைத்தான். கார் அவனை மதிக்காமல், மெதுவாக, மரியாதையாக, இடதுபுறம் இறங்கி வறண்ட கண்மாய்க்குள் போய் நின்றது. ஒருவருக்கும் ஒரு சிராய்ப்பில்லை. டிக்கி திறந்துகொண்டது. எங்கிருந்தோ ஆடுகள் வந்து வெல்லத்தைச் சுற்றி நின்றன.

அண்ணாச்சி இறங்கி டிக்கியைப் பார்த்தார். "இது எங்க வீட்டு அம்மியில்ல?"

"நான் வந்தப்பவே இருந்துச்சு மொதலாளி" என்றான் புதியவன்.

"வாத்தியாரே, அம்மி எதுக்கு வண்டியில?"

அதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒருவனுக்கு வாய்க்காது. நான் ஆட்டைப் பார்த்தேன்.

அதற்குள் திருச்சுழி பஸ் வந்து நின்றது. அதே கண்டக்டர். "என்னவே, இன்னைக்கும் பரிசோதனையா?" என்றார். பஸ்ஸே இறங்கிவந்து காரைச் சாலைக்குத் தள்ளியது. கூட்டத்தில் பழைய டிரைவரும் இருந்தார். யாரும் சொல்லாமலேயே கற்களை இறக்கிக் கரையில் வைத்தார். வெல்ல மூட்டைகளைத் தூக்கிப் பின்சீட்டின் வலது பக்கம் உட்கார வைத்தார். அண்ணாச்சி பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏப்பா, இந்த அம்மி நீ வச்சதா?"

டிரைவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "ஆமா மொதலாளி. ஏத்தத்துல நிறுத்துனா சக்கரத்துக்கு முட்டுக் குடுக்க."

"முட்டுக் குடுக்க அம்மியா?"

"பெரிய வண்டில்ல மொதலாளி."

அண்ணாச்சி யோசித்தார். பிறகு, "நீயே ஏறு. கை எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றார். டிரைவர் ஏறி, வளையத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திருச்சுழிக் கோபுரம் தெரியும்வரை கார் ஒரு விரற்கடை விலகவில்லை.

கோயில் வாசலில் அண்ணாச்சி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "வாத்தியாரு அன்னைக்கே சொன்னாக, கையில நரம்புத் தளர்ச்சின்னு. எட்டு மாசம் மூட்டை தூக்குனதுல நரம்பு முறுக்கேறிருச்சு! என்னா வைத்தியம்!"

டிரைவர் சிரித்தார். "ஆமா மொதலாளி, சாரு வைத்தியந்தான்" என்றார்.

அன்றிலிருந்து வண்டி அவர் கைக்கு வந்துவிட்டது. எனக்குப் புகழ் வந்தது. காரியாபட்டியிலிருந்தெல்லாம் வேன்காரர்கள் என்னைத் தேடி வந்து தங்கள் டிரைவர்களின் கையைக் காட்டினார்கள். ஆனால் மூட்டை சுமந்த தோளில் ஒரு வலி அவருக்கு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. வலப்பக்கம் வளைக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். அவருடைய வலது கையில் நான் கண்டுபிடித்துச் சொன்ன கோளாறு அப்போது இல்லை. நான் சொன்ன பிறகுதான் வந்தது.

திருச்சுழியிலிருந்து திரும்பிய மறுநாள் காலை அவர் என் அறைக் கதவைத் தட்டினார்.

"சார், இந்த வருசம் ஆறு கிலோ."

இருவரும் கல் தேடிப் போனோம். அதற்கடுத்த வருஷமும் போனோம். நான் மாற்றலாகிப் போகும்வரை ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் போனோம். அவர் தோளுக்கு முடியாது என்பதால் தூக்குவது நான்தான். முதல் வருஷம், கல்லை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டிக்கி முன்னால் நின்றபோது, "அன்னைக்கு நான் சொன்னது..." என்று தொடங்கினேன்.

அவர் டிக்கியைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வலது மூலையில சார். இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க" என்றார்.

தள்ளினேன். பிறகு அவர் சாக்குக்கட்டியை என் கையில் கொடுத்து, மூடியில் எழுதச் சொன்னார்.